கட்டற்ற மென்பொருளும் கவனிப்பாரற்ற தளங்களும்

அச்சில் வந்த ஒரு சிற்றிதழ் நின்றுபோனாலும் அதன் இதழ்கள் அநேகமாக எங்காவது மிஞ்சியிருக்கும். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ 1970இல் நின்றது. அதற்குப் பின் அரை நூற்றாண்டு கழிந்தும் தேடுபவர் கைக்கு அது அகப்படவே செய்கிறது. யாரோ ஒரு வாசகர் கட்டிப் பரணில் போட்டுவைத்தார். யாரோ ஒரு நூலகர் பைண்டு செய்து அலமாரியில் அடுக்கினார். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னை வந்துசேர்ந்து, 1994இல் ஆய்வு நூலகமாக நிறுவப்பட்டதை நாம் அறிவோம். காகிதத்துக்கு இப்படியொரு நற்பேறு உண்டு. கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் சில பத்தாண்டுகள் அது தாங்கும். இணைய இதழுக்கு அந்த நற்பேறு இல்லை. வழங்கியின் ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்த சில வாரங்களிலேயே அது சுவடின்றி மறைந்துபோகலாம்.

இதை நாங்கள் பட்டறிந்தோம். எங்கள் நண்பர் குழு சில ஆண்டுகள் ஓர் இணைய இதழ் நடத்தியது. மென்பொருள் துறையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் இரண்டு வார இறுதிகளில், கட்டற்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் ஒன்றைக் கொண்டு, தளத்தைக் கட்டித் தந்தார். செலவு ஏதும் இல்லை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு அவர் வேறு நாட்டுக்குப் பணி மாறிப் போனார். நாங்கள் படைப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தோமே தவிர, மேலாண்மைப் பக்கத்தின் உச்சியில் மாதக்கணக்காக மின்னிக்கொண்டிருந்த ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது’ என்னும் அறிவிப்பை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தேடுபொறியில் இதழின் பெயரை இட்டால் மருந்து விளம்பரங்கள் வருகின்றன என்றார். மறுநாள் வழங்கி நிறுவனம் கணக்கை முடக்கியது. காப்பு நகல் இருந்தது, ஆனால் அதே வழங்கியில். கடவுச்சொல்லை மீட்கும் மடல் போய்ச் சேர்ந்த முகவரியோ, நண்பர் விட்டுவந்த பழைய அலுவலகத்தினுடையது.

எழுத்தாளர்களின் மின்னஞ்சல்களிலிருந்தும், இணைய ஆவணக் காப்பகத்தின் பழைய பிரதிகளிலிருந்தும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மீட்டோம். மீளாததில் ஒன்று, முதிய நண்பர் ஒருவர் தொடராக மொழிபெயர்த்து வந்த நாவல். அவர் கையெழுத்துப் படி வைத்துக்கொள்ளும் வழக்கமுடையவரல்லர். மூலநூலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தளத்தின் எழுதுபெட்டியிலேயே நேராகத் தட்டச்சு செய்வார். தளம் விழுந்தபோது அவர் உயிரோடில்லை. தொடரை நூலாக்க விரும்பி அவர் குடும்பத்தார் எங்களைக் கேட்டபோது, நாங்கள் கொடுக்க முடிந்தது மூன்றே அத்தியாயங்கள். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வெட்கமே.

*

இப்படியொரு அனுபவத்துக்குப் பின் மென்பொருளைப் பழிப்பது எளிது. நாங்கள் அதைச் செய்யப்போவதில்லை. மாறாக, இலக்கிய இதழ் ஒன்று இணையத்தில் வாழவேண்டுமானால் கட்டற்ற மென்பொருளில்தான் வாழவேண்டும் என்றே இன்றும் கருதுகிறோம். ஆனால் எதற்காக என்பதில் எங்கள் எண்ணம் மாறியிருக்கிறது.

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் நேரும் குழப்பம் தமிழில் நேரவேண்டிய அவசியமில்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. ஆயினும் நம் இதழாசிரியர்களின் காதில் விழுவதென்னவோ முதற்சொல் மட்டுமே. இரண்டாவது சொல்லின் பொருளை உணர இந்த மென்பொருள்களின் பிறப்பு வரலாற்றைச் சற்றே பார்த்தால் போதும்.

இன்று உலகின் வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேற்பட்டவை வேர்ட்பிரஸ் கொண்டு இயங்குபவை. அது புதிதாகப் பிறந்ததன்று. மிஷெல் வால்ட்ரீகி என்பவர் எழுதிய ‘பி2’ என்னும் நிரல் மேற்கொண்டு வளர்ச்சியின்றி நின்றபோது, அதை எடுத்துக்கொண்ட மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டனர். எழுதியவரிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டியிருக்கவில்லை, காரணம் ‘பி2’ குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியானது. பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் அதே உரிமையோடு தரலாம் என்பதே அவ்வுரிமத்தின் சாரம். ஜூம்லாவின் கதையும் இத்தகையதே. மாம்போ என்னும் மென்பொருளை உருவாக்கியவர்கள், அதன் பெயருரிமை கொண்டிருந்த நிறுவனத்தோடு 2005 ஆகஸ்டில் முரண்பட்டு வெளியேறினர். வெளியேறும்போது நிரலையும் உடன் கொண்டுசெல்ல உரிமம் இடம் கொடுத்தது. ‘எல்லோரும் சேர்ந்து’ என்று பொருள்படும் சுவாகிலிச் சொல்லிலிருந்து ஜூம்லா என்ற புதுப்பெயரைச் சூட்டிக்கொண்டனர். ட்ரூபலின் ஏழாம் பதிப்புக்கும் எட்டாம் பதிப்புக்கும் இடையிலான மாற்றம் வீட்டைப் புதுப்பிப்பதாக இல்லாமல் இடித்துக் கட்டுவதாக அமைந்தபோது, அதை ஏற்காத சிலர் பழைய வழியைத் தொடர்ந்து, 2015இல் பேக்ட்ராப் என்ற கிளையை வெளியிட்டனர்.

உரிமையாளர் கைவிட்டாலும், கோபித்துக்கொண்டாலும், மனம் மாறினாலும் வேலை தொடர முடியும் என்பதே இவற்றின் பொதுப் பாடம். சிற்றிதழ் மரபறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஓர் இதழ் நிற்கும், அதில் எழுதியவர்கள் பிரிந்து இன்னொன்றைத் தொடங்குவார்கள், மொழி முன்னகரும். இதற்கு மாறானதும் நடந்திருக்கிறது. அந்நாளில் பரவலாகப் பயன்பட்ட மூவபிள் டைப் 2004இல் தன் உரிம நிபந்தனைகளை மாற்றியபோது, அதை நம்பியிருந்தவர்களுக்கு எஞ்சிய வழி மூட்டை கட்டுவதுதான். அவர்களில் பலர் போய்ச்சேர்ந்த இடம் வேர்ட்பிரஸ்.

கட்டற்ற மென்பொருளுக்குள்ளும் அதிகார மையங்கள் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி என்ஜின் என்னும் வழங்கி நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையில், அந்நிறுவனத்தின் வழங்கிகள் வேர்ட்பிரஸின் மையத் தளத்திலிருந்து துண்டிக்கப்பட்டன. சண்டையோடு எத்தொடர்பும் இல்லாத தளக்காரர்கள் நீட்சிகளைப் புதுப்பிக்க வழியின்றிச் சில நாள் தவித்தனர். நிரல் கட்டற்றதாக இருந்தாலும் அது வந்துசேரும் பாதைக்கு ஒரு வாயிற்காவலர் இருக்கக்கூடும் என்பதை அப்போதுதான் பலரும் கண்டனர்.

*

உரிமம் காப்பது நிரலை மட்டுமே. அந்நிரலுக்குள் நாம் இட்டுவைக்கும் கவிதையை அது காப்பதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே எங்கள் முதற்பிழை.

உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் வருவதற்கு முன், ஒவ்வொரு கதையும் தனித்தனி மீயுரைக் கோப்பாக இருந்தது. கோப்புறையைப் படியெடுத்தால் இதழ் முழுவதும் கையில் வந்துவிடும். தொல்லையும் உண்டு. பக்கத்தின் ஓரத்தில் ஒரு சுட்டியைச் சேர்க்க வேண்டுமானால் முந்நூறு கோப்புகளையும் திறந்து திருத்தவேண்டும். புதிய மென்பொருள்கள் இந்தத் தொல்லையை நீக்கின. எழுத்து தரவுத்தளத்துக்குள் போயிற்று. தோற்றம் வார்ப்புருவில் அமைந்தது. வாசகர் பக்கத்தைக் கேட்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாகப் பிறக்கிறது. வசதிதான். ஆனால் இந்த ஏற்பாட்டில் கதை என்பது கண்ணால் காணத்தக்க எந்தக் கோப்பிலும் இல்லை. வழங்கியிலிருக்கும் கோப்புகளையெல்லாம் இறக்கி வட்டில் பதிந்துவிட்டு இதழைக் காப்பாற்றிவிட்டதாக நிம்மதியடைபவர்கள், வார்ப்புருவையும் படங்களையும் மட்டுமே காப்பாற்றியிருக்கிறார்கள். தரவுத்தளத்தைத் தனியே படியெடுக்காவிட்டால் அந்த வட்டில் ஒரு வரிக் கதைகூட இராது.

தமிழுக்கென்றே அமைந்த சிக்கல்களும் சில உண்டு. மென்பொருளைச் செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்தவையல்ல. அவர்கள் மனத்தில் நம் எழுத்து இல்லாததால் வந்தவை. திஸ்கியிலும் பாமினியிலும் ஏற்றப்பட்ட பழைய பக்கங்கள், உரிய எழுத்துரு இல்லாதபோது இலத்தீன் எழுத்துகளின் குவியலாகத் தெரிவதை அக்காலத்து வாசகர் அறிவர். ஒருங்குறி வந்தபின் அத்தொல்லை தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை. தரவுத்தளத்தின் பழைய இயல்பமைப்பு ‘லத்தீன்-1’ என்ற குறியேற்றம். வேர்ட்பிரஸும் 2007இல் வந்த 2.2 பதிப்பு வரை இதைத் தெளிவாக வரையறுக்கவில்லை. அவ்வமைப்பில் தமிழ் உள்ளே போகும், ஒழுங்காகத் திரும்பியும் வரும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். வேறு வழங்கிக்குக் குடிபெயரும் நாளில்தான் ஒவ்வொரு தமிழெழுத்தும் மூன்று விநோதக் குறிகளாக உடைந்து நிற்கும். அந்நிலையிலும் மீட்சி உண்டு; பதறிப்போய்ப் பக்கங்களைத் திறந்து திருத்திச் சேமித்தால்தான் மீட்சி அரிதாகிவிடும்.

தலைப்பிலிருந்து பக்க முகவரியைத் தானே உருவாக்கிக்கொள்ளும் வசதியும் அப்படித்தான். தமிழில் ஒரு குறியீடு முகவரியில் ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கிய இடமோ 200 எழுத்து. ஆக, இருபத்திரண்டு குறியீட்டுக்கு மேல் இடமில்லை. ‘க்’ என்பதே மெய்யும் புள்ளியுமாக இரண்டு குறியீடு என்பதால், நான்கைந்து சொல் கொண்ட தலைப்பு பாதியில் வெட்டுண்டுபோகும். பிறகு யாராவது தலைப்புக்கேற்ப முகவரியைத் திருத்த, ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் அதுவரை தரப்பட்ட சுட்டிகள் செத்துப்போகும். இதழ் எண்ணும் வரிசை எண்ணும் கொண்ட சிறிய முகவரியைத் தொடக்கத்திலேயே வகுத்து, பின்னர் எக்காரணம் கொண்டும் அதை மாற்றாதிருப்பதே எங்கள் பரிந்துரை.

தேடல் வசதியை நம்பி அட்டவணையைக் கைவிட்டவர்களுக்கும் ஒரு சொல். இம்மென்பொருளின் இயல்பான தேடல் எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிட்டுப் பார்ப்பது, இலக்கணம் அறியாதது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தடியில்’ அகப்படாது. ‘கண்’ என்று தேடினால் கண்ணனும் கண்டவனும் வந்து நிற்பார்கள். ஆசிரியர் பெயர் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். யார் உள்நுழைந்து ஏற்றுகிறாரோ அவரையே மென்பொருள் ஆசிரியராகக் கொள்ளும். இதழில் எல்லாவற்றையும் ஒருவரே ஏற்றுவதால், நாற்பது கவிஞர்களும் ‘நிர்வாகி’ என்ற ஒற்றைப் பெயரில் அடங்கிவிடுவதை எத்தனையோ தளங்களில் காணலாம். அச்சிதழில் இப்படி நேர்ந்தால் அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்திருப்போம். இணையத்தில் அதைத் தொழில்நுட்பம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்! ஆசிரியருக்கும் இதழ் எண்ணுக்கும் தனி வகைப்பாடுகளை அமைத்துக்கொள்ள இம்மென்பொருள்கள் வழி தருகின்றன. அவற்றை நிரப்பும் உழைப்பு நம்முடையது. பழைய கட்டுரையை இன்று ஏற்றும்போது இன்றைய தேதி விழாமல் பார்த்துக்கொள்வதும் நம்முடையதே.

*

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். சொந்தத் தளம் கட்டாமல், கூகுள் 2003இல் வாங்கிய பிளாகரில் எழுதியவர்களைப் பார்த்து, அந்நியன் வீட்டுத் திண்ணையில் கடை விரித்தவர்கள் என்று எங்களில் சிலர் கேலி செய்ததுண்டு. இன்று திரும்பிப் பார்த்தால், அந்தத் திண்ணையில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. சொந்த வீடு கட்டிய எங்கள் எழுத்துகளில் மூன்றில் ஒன்று போய்விட்டது. சுதந்திரத்தைத் தேர்ந்தவர்கள் இழந்தோம், சார்ந்திருந்தவர்கள் பிழைத்தார்கள். இந்தக் கசப்பான உண்மையை விழுங்காமல் கட்டற்ற மென்பொருளுக்கு வக்காலத்து வாங்குவது வெறும் கொள்கைப் பேச்சாகவே முடியும்.

ஆனால் திண்ணை என்பது வீட்டுக்காரர் விரும்பும்வரைதான். யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியது. அதே நிறுவனத்தின் குழுமங்களில்தான் ‘மரத்தடி’, ‘ராயர் காபி கிளப்’ போன்ற தமிழ் இலக்கியக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் உரையாடின. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2020 தொடக்கத்துக்குள் சேமிப்பை எடுத்துக்கொண்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் கதவு நிரந்தரமாக அடைபட்டது. அங்கே ஒருவர் விழிப்போடு இருந்தும் தடுத்திருக்க முடியாது. எங்கள் தளம் விழுந்ததையோ, ஒருவர் விழிப்போடு இருந்திருந்தால் தடுத்திருக்கலாம். கட்டற்ற மென்பொருள் நமக்குத் தருவது பாதுகாப்பன்று. பாதுகாக்கும் வாய்ப்பு மட்டுமே. அந்த வாய்ப்பைப் பயன்படுத்த ஆள் வேண்டும்.

ஆள் எவ்வளவு விழிப்போடு இருக்கவேண்டும் என்பதற்கு ட்ரூபல் ஓர் எச்சரிக்கை. 2014 அக்டோபர் 15 அன்று அதில் ஒரு பெரிய பாதுகாப்புத் துளை கண்டறியப்பட்டுத் திருத்தமும் வெளியிடப்பட்டது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தை நிறுவாத தளங்கள் பறிபோய்விட்டதாகவே கருதிக்கொள்ள வேண்டும் என்று அதன் பாதுகாப்புக் குழுவே பின்னர் அறிவித்தது. ஏழு மணி நேரம்! நம் தளங்களின் மேலாண்மைப் பக்கத்தை நாம் திறப்பது மாதம் ஒருமுறை, இதழ் ஏற்றும் நாளில். 2011 ஜனவரியில் வந்த ட்ரூபலின் ஏழாம் பதிப்புக்கு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஆதரவு நின்றது. பதினான்கு ஆண்டு என்பது மென்பொருளுக்கு முதுமை. இலக்கிய இதழுக்கோ இளமைகூடக் கழிந்திராத காலம். இவ்விரு காலக் கணக்குகளும் ஒத்துப்போகா என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு திட்டமிடுவதுதான் அறிவுடைமை. வேர்ட்பிரஸ் 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு திருத்தங்களைத் தானே நிறுவிக்கொள்கிறது. தொழில்நுட்ப ஆளில்லாத இதழ்களுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே போதும். ஆனாலும் ஆசைப்பட்டுச் சேர்க்கும் நீட்சிகள் ஒவ்வொன்றும் வீட்டில் திறந்துவைக்கும் இன்னொரு சன்னல்தான். பூவிழும் அலங்காரமும் வருகையாளர் எண்ணிக்கையும் இல்லாமல் கவிதை படிக்க முடியும்.

*

எனில் எதை நம்புவது? தமிழில் நீடித்து நிற்கும் இரண்டு முயற்சிகளை எடுத்துக்காட்டலாம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதன் நூல்கள் எளிய கோப்புகளாக இருந்ததால், திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறவேண்டி வந்தபோது மாற முடிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், விக்கிப்பீடியாவுக்கெனப் பிறந்த மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்துகிறது. முன்னதில் தரவுத்தள நுட்பம் பெரிதாக இல்லை, பின்னதில் உண்டு. இரண்டும் நிற்கின்றன என்றால், தொடர்ந்து கவனிக்கும் மனிதர்கள் ஒருவர் விட்டால் மற்றொருவராக வந்துகொண்டிருப்பதே காரணம்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். தளத்தைக் காப்பது தொழில்நுட்ப வேலை அன்று, ஆசிரியப் பணியின் ஒரு பகுதி. மெய்ப்புப் பார்ப்பதை யாரோ ஒரு நண்பரின் ஓய்வுநேரக் கருணைக்கு விட்டுவிட்டு நல்ல இதழ் நடத்த முடியாது என்பதைப் போலவே இதுவும். முகவரியின் பதிவு தனிநபர் மின்னஞ்சலில் இல்லாமல் இதழின் பெயரிலான மின்னஞ்சலில் இருக்கவேண்டும்; கடவுச்சொற்கள் இருவரிடமாவது இருக்கவேண்டும். ஒவ்வோர் இதழ் வெளிவந்ததும் தரவுத்தளத்தின் நகலொன்றும், எந்த மென்பொருளும் இல்லாமலே திறந்து படிக்கத்தக்க எளிய எழுத்துக்கோப்புகளின் தொகுப்பொன்றும் வழங்கிக்கு வெளியே இரண்டு வேறு இடங்களில் சேரவேண்டும். படைப்பாளிகளும் எழுதுபெட்டியில் நேராக எழுதுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். இவை எதற்கும் நிரலெழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒழுங்கு மட்டும் போதும்.

நாங்கள் மீண்டும் தொடங்கியபோது இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டோம். ஆண்டுக்கொருமுறை, இணையத் தொடர்பில்லாத ஒரு கணினியில் காப்பு நகலைத் திறந்து, ஏதேனும் ஒரு பழைய கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகல் நகலே ஆகாது என்பதை முன்பு கற்றதனால் வந்த வழக்கம் இது. முதன்முறை திறந்தபோது படித்தது, அந்த முதிய நண்பரின் எஞ்சிய மூன்று அத்தியாயங்களை. மூன்றாவது அத்தியாயம் ஒரு பயணத்தின் தொடக்கத்தில் முடிகிறது. அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது மூலநூலில் இருக்கிறது. அதை அவருடைய தமிழில் இனி யாரும் படிக்கப்போவதில்லை.

உங்கள் இதழின் முகப்பில் ஆசிரியர் பெயருக்குக் கீழே ‘தளக் காப்பாளர்’ என்று ஒரு பெயர் இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த இதழ் வருவதற்குள் யாரையேனும் கேட்டுச் சம்மதிக்க வையுங்கள்.